விரதப் பால்

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தை "தம்பி விரதம் இருந்த வருஷம்" என்றுதான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. எண்பத்து நான்கு மார்கழி பிறந்த வாரத்தில் தொடங்கி எண்பத்தைந்து தைப்பூசத்தன்று முடிந்தது என்று சொல்வேன். நாட்காட்டித் தாளைக் கிழித்தால் எறிய மனம் வராமல் அடுக்கி வைக்கிற ஆள் நான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த நாளைக் குறித்து வைப்பேன். எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்பார். பின்னால் யாராவது மாற்றிச் சொன்னால் காட்டுவதற்கு என்பேன். வீட்டுக்குள்ளேயே மாற்றிச் சொல்வார்கள் என்று அப்போது நினைக்கவில்லை.

அப்பா ரயில்வேயில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. தம்பி கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடும் லோரியில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்குத் துணையாள். பவுடர் என்று சொல்கிற ஹெராயின் பழகியது அந்த லோரியில்தான். எங்களுக்குத் தெரிய வந்தபோது பழகி வெகுநாளாகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை அவன் நெருப்புக்குச்சியால் சூடாக்கிக்கொண்டிருந்ததை அப்பாவே பார்த்துவிட்டார்.

அடிக்கவில்லை. கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார்: "தைப்பூசம் வரைக்கும் டைம். அதுக்குள்ள விடலேன்னா நானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஸ்டேஷனுக்குப் போனால் மறுவாழ்வு நிலையம், இரண்டு வருஷம். எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பையன் அப்படிப் போயிருந்தான். அதற்குப் பிறகு அவன் அக்காவைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. அப்பா சொன்னதைச் செய்கிறவர். அதனால் நான் முந்திக்கொண்டேன். "வீட்டுலயே நிறுத்திடலாம்பா. நான் பக்கத்துல இருக்கேன். எனக்கு லீவு இருக்கு."

விரத யோசனை அம்மாவுடையது. ஒரு மண்டலம் விரதமிருந்து பூசத்தன்று பத்துமலையில் பால்குடம் எடுக்கிறான் என்று சொல்லிவிட்டால் போதும். விரதக்காரன் ஏன் வேலைக்குப் போகவில்லை, ஏன் தாடி, ஏன் இளைத்துப்போனான், ஏன் யார் வீட்டுக்கும் வருவதில்லை என்று எவரும் கேட்கமாட்டார்கள். குருக்கள் வீட்டுக்கே வந்து காப்புக் கட்டினார். தம்பிக்குத் துணையாக நானும் ஒரு காப்புக் கட்டிக்கொண்டேன். இருவருக்கும் தரையில் பாய், ஒருவேளைச் சோறு, மாலையில் முருகன் படத்துக்குப் படைத்த பால்.

முதல் நாள் கொட்டாவியாக விட்டான். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது. சாதாரணச் சளி மாதிரிதான் இருந்தது. மறுநாள் கியான் முழுசாக வந்தது. மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது, பவுடர் கிடைக்காதபோது உடம்பு கேட்கிற கேள்வி. தோல் முழுக்கப் புல்லரித்து நின்றது. கால்களை அவனால் ஓரிடத்தில் வைத்திருக்க முடியவில்லை, சைக்கிள் மிதிப்பது போலப் பாயை உதைத்துக்கொண்டே இருந்தான். குடித்த தண்ணீர் மேலும் கீழுமாகப் போனது. குழாயடியில் உட்கார வைத்துத் தலையில் வாளி வாளியாக ஊற்றுவேன், குளிருகிறது என்பான். துண்டால் போர்த்தினால் எரிகிறது என்பான். எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்று முழங்காலைக் கையால் குத்திக்கொண்டான். கையைப் பிடித்துக்கொண்டேன். என் மணிக்கட்டில் கடித்தான். இரண்டு காப்பும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

படுக்கைத் துணியைத் தினமும் துவைத்தோம். மழை மாதம், காயவே காயாது. கொடியைப் பார்த்து அடுத்த வீட்டு ஆன்டி வேலிப் பக்கம் வந்தார்.

"என்னங்கக்கா, தினமும் இவ்ளோ துணி?"

"விரதக்காரன் படுக்கைங்க. சுத்தமா இருக்கணும்லா," என்றார் அம்மா.

"குடுத்து வச்சவங்க நீங்க. எங்க வீட்டுல ஒரு தடியன் இருக்கானே, கோழி இல்லாட்டி அவனுக்குத் தொண்டையே தொறக்காது. உங்க பையன் காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்றேன்."

உள்ளே அவன் அந்தக் காலால் சுவரை உதைத்துக்கொண்டிருந்தான். நான் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ரேடியோவை உயர்த்தி வைத்தேன். அன்று ஆன்டி சொன்னதைத் தம்பியிடம் சொன்னபோது, வாந்திக்கு நடுவே சிரித்தான். "வரச் சொல்லுண்ணே, ஆசீர்வாதம் பண்றேன்."

அந்த வார ஞாயிறு மாலை, அம்மா பால் கொடுத்த பிறகு, அவன் தூங்கினான். உதைக்காமல், முனகாமல் தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம்தான் கடுமை, அதைத் தாண்டினால் உடம்பு இறங்கிவரும் என்று நூலகத்தில் தேடிப் படித்திருந்தேன். படித்தது நாள் தவறாமல் அப்படியே நடந்துவிட்டது. அன்று நான் அழுதேன். மறுநாள் அவன் இரண்டு இட்லி தின்றான். "ஒன்னுமே இல்லாம நிறுத்திட்டேடா. மருந்து மாத்திரை எதுவும் இல்லாம," என்றேன். அவன் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினான்.

அப்பாவும் மாறினார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பந்திங்கில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று அப்பா அவரோடு பல வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்தார். இப்போது ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் பந்திங் போய்வந்தார்.

"மாமாகூட ராசி ஆயிட்டீங்களாப்பா?"

"விரத வீடுலா. பகை வச்சுக்கக் கூடாது."

ஒரு பொய் விரதம் என் அப்பாவையே திருத்துகிறது என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, அப்பா பந்திங் போயிருந்தார். அம்மா வழக்கம்போல் சாமி படத்தின் முன் பாலை வைத்துவிட்டு, தம்பி எழுந்ததும் கொடுக்கலாம் என்று கோவிலுக்கு விளக்குப் போடப் போனார். தினமும் அவர் கையால்தான் கொடுப்பார். நான் கொடுக்கிறேன் என்றால் விடமாட்டார். என் பால் தனி டம்ளரில் வரும். அன்று தம்பி எழவில்லை. பால் ஆறி ஏடு கட்டிவிட்டது. ஓர் ஈ சுற்றியது. படைத்த பாலைக் கீழே ஊற்றக்கூடாது, விடிய விடிய வைக்கவும் கூடாது. இதெல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நான் குடித்தேன்.

ஏலக்காய், பனங்கற்கண்டு. அவற்றுக்கு அடியில் ஒரு கசப்பு. பால் அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா திரும்பி வந்தபோது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது. நாக்கு காய்ந்திருந்தது. இமை கனத்தது.

"தம்பிக்கு வச்ச பால் எங்கய்யா?"

"ஆறிப்போச்சும்மா. நான் குடிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"சாமி பாலை ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

அவர் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டு சாய்ந்து வாழைப்பழம் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. என் முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். "தூங்கிடாதேய்யா. நேரா உக்காரு. அப்பா வரட்டும்."

"பால் குடிச்சதுக்கு அப்பா எதுக்கு?"

அம்மா காலி டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"என்னம்மா கலந்தீங்க?"

"மாமா குடுத்த மருந்து. இருமல் மருந்து மாதிரிதான்."

"யாருக்கு இருமல்?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்பாவிடம் சொல்லிவிடுவேன், இந்த வீட்டில் கண்டிப்பான ஆள் அவர் ஒருவர்தான், அவர் வந்து கேட்கட்டும் என்று அந்த மயக்கத்திலும் நினைத்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்து பிரம்புக்கூடையைக் கீழே வைத்தார். கூடைக்குள் கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இவன் குடிச்சிட்டான்," என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "தூங்க விடாதே. கோப்பி போடு," என்றார். எதிரே உட்கார்ந்தார்.

"ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன்னீங்க," என்றேன்.

"சொன்னேன்."

"இந்த மருந்தும் பவுடர் ஜாதிதான்பா. நான் படிச்சிருக்கேன்."

"நீ படிச்சே. நான் அவன் சுவத்துல தலைய முட்டிக்கிட்டதப் பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன். பக்கத்துலயே இருந்து பாத்தேன்."

"நீ கெட்டியா இருந்தே. என்னால முடியல. அதான் போயி மச்சான் கால்ல விழுந்தேன். கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிடலாம்னு அவன் சொன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சொன்னா நீ தேதி கேப்பே. எப்போ ஆரம்பிச்சீங்க, எப்போ நிறுத்துவீங்கன்னு. எங்ககிட்ட பதில் இல்ல."

அம்மா கசக்கக் கசக்கக் கோப்பி கொடுத்தார். அதையும் முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன்.

மறுநாள் காலை தம்பி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, ராத்திரி நல்ல தூக்கமா?" என்றான்.

அறைந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோது அது கிண்டல் இல்லை, வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை என்று புரிந்தது.

"உனக்கும் தெரியும்," என்றேன்.

"தெரியும். உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னதே நான்தான்."

"ஏன்டா?"

"மொத வாரம் நெஜமாவே ஒன்னும் இல்லாமத்தான் இருந்தேன்ணே. அதப் பாத்தது நீ. அதுக்கப்புறமும் நான் அப்படியே இருக்கேன்னு நம்பறவன் வீட்டுல ஒருத்தனாவது வேணும்லா."

இதைக் கேட்டவர்கள் சிலர் எவ்வளவு அருமையாகச் சொன்னான் என்பார்கள். எனக்கு அது அருமையாகப் படவில்லை. மூன்று பேர் கூடிப் பேசி, இந்த வீட்டுக்கு ஒரு நம்பிக்கைக்காரன் தேவை என்று முடிவு செய்து, அந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் வாளி தூக்கியதும், கடி வாங்கியதும், அன்று அழுததும் அவர்களுக்குத் தெரியும். அழும்போது அப்பாவும் அம்மாவும் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள்.

நான் பாயை முன்னறைக்கு எடுத்துப் போனேன். காப்பை அவிழ்க்கவில்லை. பாதியில் அவிழ்த்தால் ஆன்டி கேட்பார், அப்புறம் தம்பியைப் பற்றியும் கேட்பார். அவர்கள் சொன்ன பொய்யை நானும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அப்பா ஞாயிறுகளில் பந்திங் போனார். மருந்தைக் குறைக்கிறோம் என்றார்கள். பூசத்துக்கு முந்தின வாரம் நிறுத்தியாயிற்று என்றார்கள். தம்பி ஓரிரு நாள் கொட்டாவி விட்டான், மூக்கைத் துடைத்தான், காலை மடக்கிப் படுத்தான். அது உண்மையாக நிறுத்தியதன் அடையாளமா, அல்லது எனக்காகக் காட்டியதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் அவனைப் பார்த்தது போல என்னால் பார்க்க முடியவில்லை.

அவன் பவுடருக்குத் திரும்பவில்லை. இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானும் மாற்றிச் சொன்னவனாவேன். இன்று டெங்கிலில் சொந்த லோரி ஓட்டுகிறான். அப்பா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முருகன் அருள் என்பார். பிறகு என்னைக் காட்டி, "பெரியவன்தான் பக்கத்துலயே இருந்து காப்பாத்தினான், மருந்து மாத்திரை ஒன்னுமே இல்லாம," என்பார். என் வாக்கியத்தையே எடுத்துச் சொல்வார். நான் மறுப்பதில்லை. வந்தவர்கள் என்னைப் பாராட்டுவார்கள்.

பூசத்தன்று தம்பி பால்குடத்தைத் தலையில் வைத்துப் படியேறினான். கால் நடுங்கவில்லை. நான் பின்னால் ஏறினேன், விழுந்தால் பிடிக்க. அபிஷேகம் முடிந்து இறங்கி வந்ததும், கீழே ஒரு மர நிழலில் காப்பை அவிழ்த்தோம். அம்மா குடத்தில் மிச்சமிருந்த பிரசாதப் பாலை டம்ளர்களில் ஊற்றினார். முதலில் தம்பிக்கு, பிறகு எனக்கு. அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரை வாங்கி, வாய்க்குக் கொண்டு போகும் வழியில், மூக்கருகே ஒரு கணம் நிறுத்தினேன்.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"வெறும் பால்தான்யா," என்றார் அம்மா.

இருக்கலாம். டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். சாமி பாலைக் கீழே ஊற்றக்கூடாதே என்று தம்பி அதை வாங்கிக் குடித்தான்.