இரண்டு சகாய மேரிகளும் ஓர் இணைய இணைப்பும்

கல்லூரிக் கணினி அறையில் டெக்னீஷியனாகக் குப்பை கொட்டியவர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை: கரண்ட், போன் லைன், துறைத்தலைவர் மூன்றும் ஒருசேரச் சரியாக இருக்கிற நாளில்தான் நமக்கு வேலை நடக்கும். தக்கலைப் பக்கம் எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு நாளுக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். 2009 வாக்கில், முதலாண்டு மாணவர் பெயர்களை இனி இணையத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஏறாத பெயருக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஒரு பிள்ளையையும் விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

உறைக்குள் கணினி

புதிதாக வந்த பத்துக் கணினிகளும் ஜூன் மாதத்திலிருந்து துணி உறைக்குள்ளேயே இருந்தன. கல்லூரிக்கே இருந்த ஒரே இணைய இணைப்பும் அந்த அறையில்தான். சாவி துறைத்தலைவர் அம்மாவின் கைப்பையில். இரண்டு நாள் அவர் பின்னாலேயே நடந்தேன். புதன்கிழமை தந்தார், கூடவே ஒரு கண்டிஷனும் போட்டார்.

“செருப்பைக் கழத்திப் போட்டுட்டுப் போங்க. பிள்ளையள உள்ள விடாதீங்க, தொட்டா கெட்டுப்போவும்லா.”

முதல் இடி

ஐப்பசியில் மதியம் தாண்டினால் மலைப்பக்கமிருந்து மழை வந்துவிடும். முப்பது பெயர் ஏற்றியபோது இடி கேட்டது. இணைப்பு போயிற்று. வெளியே போய்ப் பார்த்தால், வாட்ச்மேன் செல்லப்பன் போன் ஒயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். போன வருடம் இடி விழுந்து மோடம் கருகியதிலிருந்து அவருக்கு இதே பழக்கம். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“இடி விழுந்தா மோடம் மட்டுமா சாரே போவும்? நீரும்லா போவீரு.”

ஐம்பத்தொன்பது

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து, மழைக்கு முன்னால் மீதியையும் ஏற்றினேன். வகுப்பில் அறுபது பேர், பட்டியலில் ஐம்பத்தொன்பது. மூன்று தடவை எண்ணிய பிறகுதான் பிடிபட்டது. வகுப்பில் இரண்டு எம். சகாய மேரி. குளச்சல்காரியின் அப்பா மிக்கேல், முட்டத்துக்காரியின் அப்பா மரியதாசன். எங்கள் கடற்கரையில் இது சர்வ சாதாரணம். மென்பொருள் குளச்சல்காரியை ஏற்றுக்கொண்டு, அதே பெயர் என்று மற்றவளைத் தள்ளிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன்.

“நீங்க ஒரே ஆளை ரெண்டு தடவை ஏத்தியிருக்கீங்க சார்.”

நேரில்

வெள்ளிக்கிழமை காலை இரண்டு மேரிகளையும் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே கணினிப் பிரிவு அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டே, பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினால் பிளஸ் டூ சான்றிதழோடு ஒத்துப்போகாது, அந்தப் பிள்ளை காலத்துக்கும் அலைய வேண்டும். முடியாது என்றேன். அப்படியானால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். முட்டத்துக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பெயர் பத்திரமாக ஏறிவிட்ட குளச்சல்காரிதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“சார், ரெண்டு பேரும் உங்க முன்னாலதான நிக்கோம். எங்கள்ல யாரு இல்லன்னு பாத்துச் சொல்லுங்க.”

அதிகாரி அப்போதுதான் திரையை விட்டு நிமிர்ந்து இருவரையும் பார்த்தார்; அப்பா பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நாலே முக்காலுக்கு, ஓர் எழுத்தும் மாறாமல், அறுபதாவது பெயர் ஏறியது. அதற்குப் பிறகு மூன்று மென்பொருள் மாறிவிட்டது, ஒரே வகுப்பில் இரண்டு சகாய மேரிகள் வந்து சேர்வதும் நிற்கவில்லை, நான் அந்த பஸ்ஸில் போவதும் நிற்கவில்லை.