கால் பங்கு

பெரியப்பாவின் சாவைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே வீட்டில் முதன்முதலாகப் பேசியது ஒரு தீபாவளி மதியம். கிள்ளான் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பரம்பரைச் சொத்துக்கு வரி போடலாமா என்று நாடாளுமன்றத்தில் யாரோ கேட்டிருந்தார்கள்; ஆராயலாம் என்று யாரோ பதில் சொல்லியிருந்தார்கள். அந்த வரி முன்பு மலேசியாவில் இருந்ததுதான், பிறகு எடுத்துவிட்டார்கள். திரும்ப வரப்போகிறது என்ற பேச்சு மழைக்கு முந்தின இருட்டு போல அன்று எங்கள் இலைகளுக்கு மேல் வந்து நின்றது. பெரியப்பா ஆட்டிறைச்சிக் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஆரம்பித்தவர். பிறகு சொந்த லோரி, அதன்பின் நான்கைந்து லோரிகள், கிள்ளானில் இந்த மாடி வீடு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீடு. அவர் வாங்கிய காலத்தில் அந்தக் கடைவீட்டுப் பக்கம் மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர் நிற்குமாம். பிறகு சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பின. அவர் ஒன்றும் செய்யாமலேயே பணக்காரராகிவிட்டார். என் சிறுவயதிலேயே அப்பா தவறிவிட்டதால் எனக்குப் பண்டிகை என்றால் அந்த வீடுதான். பெரியம்மாவும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

பெரியப்பாவின் மூத்த மகன், எங்கள் அண்ணன், பெட்டாலிங் ஜெயாவில் வியாபாரம் செய்துவந்தான். அவன்தான் தொடங்கினான். "அப்பா வேர்வை சிந்திச் சம்பாதிச்சது. அதுக்கு ஒருதடவ வரி கட்டியாச்சு. செத்த பொறவும் கட்டணுமாலா?"

அவனுடைய தங்கை, எனக்கு அக்கா, கேரி தீவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பந்திங்கில் குடியிருந்தாள். அவள் விடவில்லை. "என் கிளாஸ்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா விட்டுட்டுப்போக ஒரு கதவுகூடக் கிடையாது, அண்ணே. எஸ்டேட்டு வீடு. வேலை போனா வீடும் போச்சு. சும்மா வர்ற சொத்துல கொஞ்சம் அவங்களுக்குப் போனா என்ன?"

"ஒனக்குப் பேச ஈசி. அப்பா போயிட்டா கட்டப்போறது யாரு?"

அப்போதுதான் பெரியப்பா தலைநிமிர்ந்தார். "யாரு போகப்போறா? நானா?"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சொல் ஒருமுறை வாசல் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வெளியே போக மறுக்கிறது. அதற்குப்பின் நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் யாராவது அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா" என்று தொடங்கும் வாக்கியங்கள், வானிலைச் செய்தி போல, அவர் காதுபட உலவின. வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் வந்தன: அடுத்த ஆண்டு வருகிறதாம், பாதியை எடுத்துக்கொள்வார்களாம், முந்திக்கொண்டவன் பிழைத்தானாம். எதுவும் உண்மையில்லை, ஆனால் எல்லாமே நம்பும்படியாக இருந்தது. பெரியப்பா அவற்றை ஒலிபெருக்கியில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார். காலை நடையை நிறுத்திவிட்டார். படியிறங்கும்போது அண்ணன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஒருநாள் அவன் காரை எடுக்கப் போனதும் பெரியப்பா என்னிடம் மெல்லக் கேட்டார்: "இவன் என்னப் புடிக்கிறானா, வீட்டப் புடிக்கிறானா?" நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணனைப் பேராசைக்காரன் என்று நான் எழுதமாட்டேன். அவன் பயந்தான். அப்பாவின் உழைப்பை யாரோ வந்து வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மனதார நம்பினான். பெரியப்பா டெங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தபோது உண்மையாகவே அழுதான். அவர் வீடு திரும்பிய அதே வாரம் வழக்கறிஞரிடம் அழைத்துக்கொண்டு போனதும் அவன்தான். வரி வருவதற்கு முன்பே வீடும் கடைவீடும் அவன் பேருக்கு மாறின. தங்கைக்குச் சேரவேண்டியதைத் தானே பிறகு கொடுப்பதாக வாயால் சொன்னான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவள் வரவுமில்லை.

வரி வரவில்லை. இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை என்று அறிவித்தார்கள். மறு ஆண்டு யாரோ மறுபடி பேசினார்கள், மறுபடி இல்லை என்றார்கள். அண்ணன் நிம்மதியாக இருந்தான். "வந்தா வரட்டும், நாம செட்டில் பண்ணியாச்சு" என்பான். வியாபாரத்துக்காகக் கடைவீட்டின் மேல் வங்கியில் கடன் வாங்கினான். பெரியப்பாவும் பழைய நிலைக்குத் திரும்பியதாகத்தான் எங்களுக்குத் தோன்றியது. ஆனால் சுவரில் ஆணி அடிப்பதென்றால்கூட மகனுக்குப் போன் செய்து கேட்பார். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிறு காலை, பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த இடத்திலேயே அண்ணன் விழுந்தான். மாரடைப்பு. மருத்துவமனை கொண்டுசேர்க்கும் முன்பே முடிந்துவிட்டது. ஐம்பதுகூட ஆகவில்லை. தகப்பன் சாவுக்கு எல்லா ஏற்பாடும் செய்துவைத்தவன் தன் சாவுக்கு ஒரு வரி எழுதிவைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபிறகு கிள்ளானில் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நானும் உடன் போயிருந்தேன். அண்ணி கறுத்துப்போன முகத்தோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாள். பேசியது ஓர் இளம் பெண். உயில் இல்லாததால் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றவருக்குக் கால் பங்கு என்றாள். "அதாவது அங்கிள், உங்க மகன் சொத்துல உங்களுக்குக் கால் பங்கு."

பெரியப்பா அவள் பக்கம் திரும்பினார். "என் மகன் எனக்கு விட்டுட்டுப் போனதாம்மா?"

"ஆமா, அங்கிள்."

"அந்த வீட்ட நான்தாம்மா கட்டுனேன்."

அந்தப் பெண் கோப்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பிறகு பெரியப்பா, யாரிடம் என்றில்லாமல், "இப்ப அந்த வரி வந்தா நான்ல கட்டணும்?" என்றார். வரிசை தலைகீழாகலாம் என்பது, சாவை அத்தனை காலம் பேசித் தீர்த்த அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

கடனைக் கட்ட ஆளில்லாமல் கடைவீடு வங்கியின் லேலோங்கில் ஏலம் போனது. மிஞ்சியது கிள்ளான் வீடு. பிள்ளைகளின் படிப்புக்காக அதை விற்கவேண்டும் என்றாள் அண்ணி. அவள் கேட்டதிலும் தப்பில்லை. பெரியப்பா சம்மதிக்கவுமில்லை, சண்டை போடவுமில்லை. ஒரு மதியம் தன் துணிகளை எடுத்துக்கொண்டு பந்திங்குக்குப் பஸ் ஏறிவிட்டார். எதுவுமே கொடுக்கப்படாத மகளின் வீட்டுக்கு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "கால் பங்குக்காரன் எந்த ரூம்ல படுக்கிறது?" என்றார். அக்கா அவரை ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டாள். அந்த ஊர்க் காப்பிக்கடையில் ஒருமுறை இளைஞர்கள் இதே வரியைப் பற்றிச் சூடாக வாதாடியபோது அவரையும் கேட்டார்களாம். "வரி போட்டா காசுதான் போகும்" என்று சொல்லிவிட்டுப் பாதிக் காப்பியோடு எழுந்து வந்துவிட்டாராம்.

போன ஆண்டு அவரும் போய்ச் சேர்ந்தார். வீடு இன்னும் விற்கப்படவில்லை. அண்ணிக்கும் அக்காவுக்கும் பேச்சு நின்றுபோய்விட்டது. பெரியப்பாவின் கால் பங்கு அண்ணனின் பிள்ளைகளுக்கும் அக்காவுக்குமாக மறுபடி உடைந்திருக்கிறது. வாசல் கதவின் கம்பிகளுக்கிடையே புல் வளர்ந்து நிற்பதை அந்தப் பக்கம் போகும்போது பார்க்கிறேன். வரவுசெலவுத் திட்டத்துக்கு முந்தின வாரங்கள் இவை. தொலைக்காட்சியில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, பரம்பரைச் சொத்தா, சமூக நீதியா என்று பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது.

நேற்று மாலை அக்கா போன் செய்தாள். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று சுற்றி வந்தாள். பள்ளியைப் பற்றிப் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீவி பாத்தியா? இந்த வருஷம் நெசமாவே கொண்டாந்துருவாங்கன்றாங்க. ஒனக்குத் தெரிஞ்ச லோயர் யாரும் இருக்காங்களா? பேர் மாத்துற விஷயமா, கொஞ்சம் சீக்கிரமா பாக்கணும்."

பின்னால் அவளுடைய மகன் எதையோ சொல்லிக்கொடுப்பது கேட்டது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனிடம், "இரு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.