சவர்க்கார முதலாளியின் மகள்

"இவர் பெரிய காசுக்காரன், அன்ரி. சவர்க்காரக் கொம்பனி முதலாளி. காசு கிடக்கு, ஆனா தின்னுறது ஒண்டும் செமிக்காது" என்று, டெலிவிஷனில் வாயசைக்கும் பருத்த அமெரிக்க சோப்பு முதலாளிக்குத் தமிழ் வழங்கிக்கொண்டிருக்கிறார் நித்தியானந்தன்.

மெரிலேண்ட்ஸில் மெட்ராஸ்கார நண்பர் வாசுதேவன் வீட்டுக் கூடம். ஊரெல்லாம் கலர்ப் பெட்டி வந்துவிட்டது, வாசுதேவன் மாற்றவில்லை. ஞாயிறு மதியம் போடும் ஹாலிவுட் படங்கள் சினிமா பேசத் தொடங்கிய புதிதில் எடுத்தவை. வசனத்தைவிட இரைச்சல் அதிகம். வாசுதேவனின் அம்மா வேதவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது. நித்தியானந்தனுக்கு வேறென்ன வேண்டும்?

ரயில்வேயில் வரைபடம் போடுகிறார். அவர் பாஷையில் படம் கீறுகிறார். நாற்பதாகியும் கல்யாணமில்லை. வசனம் புரியாவிட்டால் நிறுத்தும் பழக்கமுமில்லை. முதலாளி டாக்டரை ஏமாற்றிவிட்டு ஓட்டலில் தட்டுக் கழுவப் போனால், மகளுக்கு மாப்பிள்ளை தேடிப் போகிறார் என்பார். கடைசியில் "படம் கீறுற நல்ல பெடியனுக்கு" அவளைக் கட்டியும் வைத்துவிடுவார். படத்தில் மகளே கிடையாது.

இத்தனை புளுகும் வாசுதேவனின் தங்கை கல்யாணிக்காக. அவள் நர்ஸ், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அது தெரிந்தும் புளுகினார், பாவம்.

இந்தப் படம் முடிந்ததும் கல்யாணி எழுந்து, "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள்.

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. அவருடைய யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது, மற்றதெல்லாம் கதைப்பது. மெட்ராஸ்காரர்களோடு எவ்வளவு பழகியும் அந்தக் காது மாறவில்லை. "நான் போட்டு வாறன்" என்று விடைபெற்று வாசலுக்கு ஓடி ஒரு காலில் சப்பாத்தை மாட்டிவிட்டார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"பேசுங்கோ" என்றார் தலையைக் குனிந்து. "பொய் சொன்னது பிழைதான். ஆனா அந்தப் பெடியனைப் பேசாதேங்கோ. அவன் உண்மையா விரும்பினவன்."

"எந்தப் பையன்?"

"படம் கீறுறவன்."

"அவனைப் பத்தித்தான் பேச வந்தேன். இன்னும் எத்தனை படத்துல எங்கம்மாவுக்கு ஜாடை காட்டுவானாம்? நேரா கேக்கச் சொல்லுங்க. அம்மா உள்ளதான் இருக்காங்க."

நித்தியானந்தன் படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. விட்டுவிட்டு, ஒற்றைச் சப்பாத்துக் காலோடு கூடத்துக்குள் நடந்தார்.