அப்பாவை எடுத்தபோது நான் படகில் இருந்தேன்

இந்தத் தீவில் சாத்தம் துறைக்கும் எதிர்க்கரை பம்பூஃபிளாட்டுக்கும் இடையே ஓடும் வாகனப் படகில் எனக்கு வேலை. கைகாட்டி வண்டிகளை ஏற்றுவேன், சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பேன், கரை வந்ததும் முன்பக்க இரும்புப் பலகையை இறக்குவேன். நாள் முழுக்கக் கத்தினாலும் பேச்சென்று ஒன்றும் இருக்காது.

ஊரில் அப்பா இறந்த செய்தி வந்தபோது இங்கே அடைமழை. விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. கப்பலில் போனால் போய்ச் சேரவே மூன்று நாளாகும். டாலிகஞ்சில் நான் தங்கியிருக்கும் அறையில் தனியாக உட்கார முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் வேலைக்கு வந்துவிட்டேன்.

நடுக்கடலில் தம்பி வீடியோவில் கூப்பிட்டான்.

"அண்ணே, எடுக்கப் போறோம்ணே. இனியும் வச்சிருக்க முடியாது. கொள்ளி நானே வச்சிடவா?"

"வச்சிடுடா" என்றேன். நான்தான் மூத்தவன். என்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. சிக்னல் போய், கட்டை விரல்கள் சேர்த்துக் கட்டிய அப்பாவின் கால்களோடு படம் அப்படியே நின்றுவிட்டது.

முதல் வரிசையில் காய்கறி வேனில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டார். அபர்டீன் பஜாரில் கடை வைத்திருக்கும் பாய். தினமும் வருவார், முகப்பழக்கம் மட்டும்தான்.

"க்யா ஹுவா, என்னாச்சு தம்பி? யாரு அது?"

"அப்பா."

அதற்குள் பம்பூஃபிளாட் கரை வந்துவிட்டது. பலகையை இறக்கினேன். அவர் வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

திரும்பும் நடைக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் நடந்து வந்தார். வேன் துறையோரம் நின்றது.

"மால் வாடிடும் பாய், போங்க."

"வாடட்டும். ஒரு டிரிப் உங்கூட வர்றேன். உன் அத்தா என்ன வேலை பார்த்தாரு?"

"பஸ் கண்டக்டர். ஒரு தடவை இங்க வந்தாரு. இதே படகுல நின்னுகிட்டு லாரிக்காரனைப் பார்த்து 'ரைட், ரைட்'னு கத்துனாரு. லாரிக்காரன் பெங்காலி. அவனும் எடுத்துட்டான்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன். சாத்தம் வரும்வரை அவர் என் தோளில் கை வைத்தபடி நின்றார். அடுத்த நடையில் தன் வேனுக்குத் திரும்பினார்.

மழை விட்டபின் காரியத்துக்குப் போய் வந்தேன். இப்போதும் பாயின் வேனுக்குக் கைகாட்டுகிறேன், அவர் தலையசைக்கிறார். அன்றைக்குப் பேசிய அளவு அதன்பின் நாங்கள் பேசியதில்லை.