பனியன் கைக்கு மேல் கட்டிய பட்டை

தாராபுரம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி தன் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பாதுகாப்பு அலுவலர் நான்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் என்பதால் தலைக்கவசத்தைக்கூடக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் வைத்துக்கொள்வேன். அதே கட்டடத்தில் என் அம்மா சித்தாள்.

நான் வேலையில் சேர்வதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள்: "அங்க நீ மேடம், நான் யாரோ. ஊட்டுக்கு வந்து அம்மான்னு கூப்புட்டுக்க கண்ணு." என் மரியாதைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

இந்தக் கோடையில் எல்லோருடைய மணிக்கட்டுக்கும் எண் போட்ட ஒரு பட்டை வந்தது. நாடித்துடிப்பையும் உடல் சூட்டையும் பார்த்து, ஆள் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதை என் டேப்லெட்டுக்குச் சொல்லும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் உடனே இறக்கி நிழலில் உட்கார வைக்க வேண்டும். பட்டை தோலில் படவேண்டும் என்று, சென்சார், காண்டாக்ட் என்றெல்லாம் சொல்லி நீளமாக விளக்கினேன். எல்லோரும் "சரிங்க மேடம்" என்றார்கள். அம்மாவும்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளன்று பெண்களின் எண்கள் எல்லாம் டேப்லெட்டில் எந்த அளவும் காட்டாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தன.

"லேடீஸ் எல்லாம் சும்மாவா நிக்கறாங்க? என்னன்னு பாருங்க" என்றார் என்ஜினியர்.

மேலே ஏறினேன். பெண்கள் வரிசையாக நின்று கலவையைச் சட்டி சட்டியாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் இடம் எப்போதும் அம்மாவுக்கு. முதல் ஆளின் வேகம்தான் வரிசையின் வேகம். வேலைக்கு நடுவில் களைத்து உட்கார்ந்தவளை அடுத்த கான்கிரீட்டில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். சிமெண்ட் தோலை அரிக்காமலிருக்க, கழித்துக்கட்டிய பனியன்களின் கைகளை வெட்டி முழங்கை வரை மாட்டியிருந்தார்கள். பட்டை அந்தத் துணிக்கு மேல். அதே பனியன் கைகள் எங்கள் வீட்டுக் கொடியில் தினமும் காய்கின்றன. விளக்கிச் சொன்னபோது அவை என் நினைவுக்கே வரவில்லை.

அம்மாவின் துணியைச் சுருட்டினேன். மணிக்கட்டில் தோல் வெடித்திருந்தது. புண் இல்லாத இடமாகப் பார்த்துப் பட்டையைக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் எண் சிவந்தது.

அம்மா களைத்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குப் போவாள். அவளுக்குக் களைப்பு உண்டு என்று ஒரு பட்டை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"கீழ போய் உக்காருங்க" என்றேன்.

"எனக்கொண்ணுமில்லீங்க மேடம். துணி மேலயே கட்டியுடுங்க."

அடுத்து நின்றவள் சிரித்தாள். "ஏனுங்கக்கா, வயசாயிப் போச்சுன்னு மிஷினே சொல்லிருச்சா? எடத்த உடுங்க, நான் நிக்கறேன்."

அம்மா காதில் வாங்காமல் அடுத்த சட்டிக்குக் கை நீட்டினாள். சட்டி கை நழுவப் பார்த்தது. என்னையும் மீறிக் கத்திவிட்டேன்: "சொன்னாக் கேளும்மா! உனக்கொண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

வரிசை நின்றது.

"அட, உங்கம்மாங்களா மேடம்?" என்றாள் அடுத்து நின்றவள். குரலில் கேலி போய்ப் பணிவு வந்திருந்தது. "அதான பாத்தேன். மக மேடமா இருக்கறப்ப அம்மா எதுக்கு வெயில்ல நிக்கோணும்? போங்கக்கா, நெழல்ல உக்காருங்க." முதல் இடத்தில் அவளே நின்றுகொண்டாள்.

அம்மா இறங்கினாள். சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்தாள். தண்ணீர் நீட்டினேன், வாங்கவில்லை.

"களைச்சுப்போயி எறங்கியிருந்தா அடுத்த தடவ கடைசியில நின்னாவது மேல வந்திருப்பேன். மேடத்தோட அம்மான்னு எறக்கிப்போட்டியே. இனி எவ என்னைய வரிசைல சேத்துக்குவா?"

இத்தனை நாளும் அம்மா ஒளித்து வைத்துக் காப்பாற்றியது அவளுடைய இடத்தை. அதை என் மரியாதை என்று நினைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

மேலே சட்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. டேப்லெட்டில் அம்மாவின் எண் மெல்லப் பச்சைக்கு வந்தது.

"பச்சையாயிருச்சும்மா. மேல போலாம்" என்றேன்.

அம்மா எழவில்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். சுற்றிலும் யாருமே இல்லை.

"கழட்டியுடுங்க மேடம்" என்றாள்.