மாமியாரும் நானும் தின்ற மைசூர்பாகு

எங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர்கள் இரண்டு பேர். நானும் என் மாமியாரும். எனக்கு ஏழு வருடமாக மாத்திரை. அவருக்கு நோய் வந்து பதினைந்து வருடம் ஆகிறது, கடைசி நான்கு வருடமாகக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரியவர். காலில் வந்த புண் ஆறாமல் இழுத்தபோது, இனி பாத்திக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரே மகள் என் மனைவி. அவள்தான் அவரை எங்களோடு அழைத்துவந்து வைத்துக்கொண்டாள். நானும் அதே உப்பளத்தில்தான் வேலை பார்க்கிறேன், லாரிக்கு மூட்டை ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கும் வேலை.

மாமியாரும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே எத்தனை நாள் ஓடும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சர்க்கரை எங்களை ஒரே கட்சியாக்கிவிட்டது. எதிர்க்கட்சி என் மனைவி. காலையில் காபிக்கு முன்னால் இரண்டு பேர் விரலிலும் குத்தி, மிஷினில் வரும் எண்ணைக் காலண்டரில் எழுதுவாள். எனக்குக் கூடுதலாக வந்தால் மாமியார் உடனே வக்காலத்துக்கு வருவார். "நேத்து பூரா வெயில்ல நின்னாரு, பாவம். அதான் ஏறி இருக்குது." அவருக்குக் கூடினால், "அத்தை நேத்து சரியா தூங்கல" என்பேன் நான்.

"ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்லிக்குங்க" என்று எழுதிவிட்டுப் போவாள் அவள்.

இவ்வளவு நெருக்கமிருந்தும் மாமியார் என்னிடம் மரியாதையை விட்டதில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் 'வாங்க மாப்ள, சாப்புடுங்க மாப்ள' தவிர வேறு பேச்சு கிடையாது. நான் வீட்டுக்குள் நுழைந்தால், புண் காலை ஊன்றியாவது எழுந்து நின்றுவிடுவார்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கிளியனூரில் மனைவியின் சித்தி வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா. திரும்பி வரும்போது ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்துவிட்டார்கள். நெய் ஒழுகும் வகை. அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்று மனைவி அதை பீரோ மேல் வைத்தாள். மறுநாள் ஞாயிறு. அவளுக்கு ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை, ஞாயிறும் போக வேண்டும். அம்மாவுக்கு ஊசி போட்டு, இட்லி கொடுத்து, ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

பத்தரை மணி இருக்கும். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் பீரோவைப் பார்த்தபடி, "நேத்து பந்தியில உங்க இலைக்கு மட்டும் ஸ்வீட் வைக்க விடல அவ" என்றார்.

"உங்களுக்கும்தான் வைக்கல அத்தை."

"எனக்கு இன்னா. நீங்க வீட்டு மாப்ள."

அதற்குமேல் யார் எழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு இரண்டு துண்டு. வாயில் போட்டதும் கரைந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பயம் பிடித்துக்கொள்ள, மிஷினை எடுத்தேன். எனக்கு நூற்று ஐம்பத்திரண்டு. அவருக்கு நூற்று அறுபது. இட்லி மட்டும் தின்ற நாளிலேயே இதைவிடக் கூடுதலாக வந்திருக்கிறது. நம்ப முடியாமல் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தேன். அதே எண்தான்.

"பாத்தீங்களா அத்தை, ஒன்னும் ஏறல. இத்தனை நாளா சும்மா பயந்துட்டோம்" என்று சொல்லி, இன்னொரு துண்டும் எடுத்துத் தின்றேன். அவர் சிரித்தார், ஆனால் எடுக்கவில்லை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோதும் வயிறு மந்தமாக இருக்கிறது என்று படுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

மூன்றரை மணிக்குக் கூடத்தில் ஏதோ சத்தம் கேட்டுப் போனேன். மாமியார் தரையில் உட்கார்ந்து தலை துவட்டும் துண்டு ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற. மழை வருது. பலகைய எடுடா, உப்ப வாரணும்."

வியர்வையையும் நடுக்கத்தையும் விட அந்த 'டா'தான் என்னைப் பயமுறுத்தியது. விரலில் குத்தினேன். நாற்பத்தெட்டு. இனிப்புத் தின்றவருக்கு எப்படி இறங்கும் என்று யோசிக்க நேரமில்லை. அடுத்த தெருவில் இருக்கும் நர்சம்மாவுக்குப் போன் செய்தேன்.

"முழுங்குறாங்களா? பேசுறாங்களா?" என்று கேட்டார்.

"பேசுறாங்க சிஸ்டர். ஆனா வேற ஏதோ பேசுறாங்க."

"மூணு ஸ்பூன் சக்கரை, தண்ணியில கலக்கி உடனே குடுங்க. நான் வர்றேன்."

"மைசூர்பாகு இருக்குது, குடுக்கட்டுமா?"

"வேணாம். அதுல நெய் இருக்குது, ரத்தத்துல சேர லேட்டாவும். சக்கரைதான் வேணும்."

எங்கள் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பயந்து மனைவி அதை மாதத்துக்கு ஒரு இடமாக மாற்றி வைப்பாள். அரிசிப் பானையில் கைவிட்டேன். பரண் டப்பாக்களை இறக்கினேன். வெள்ளையாக இருந்த ஒன்றை நக்கிப் பார்த்தேன், உப்பு. கடைசியில் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் டப்பாவோடு கூடவே ஓடிவந்தார். அவர் மாமியாரின் தலையைத் தாங்கிப் பிடிக்க, நான் டம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். பாதி என் சட்டையில் கொட்டியது. இன்னொரு டம்ளர் கலக்கினேன். மாமியார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி அதைக் குடித்து முடித்தார்.

நர்சம்மா வரும்போது எண்பத்தாறுக்கு வந்திருந்தது. மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்குது உங்களுக்கு" என்றார்.

எதிர்வீட்டு அம்மா சிரித்துவிட்டார். நான் சமையலறைக்குள் போய்ச் சாதம் போடுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாதம் சாப்பிட வைத்துவிட்டு நர்சம்மா விசாரித்தார். "காலையில போட்டதுக்கு மேல ஊசி போட்டீங்களா?"

மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "மாப்ள சாப்புட்டுக்கினு இருந்தப்ப, எட்டு யூனிட்" என்றார்.

"யாரு போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நெய் பலகாரம் உடனே காட்டாது, சாயந்தரம்தான் ஏறும்னு எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு பொண்ணு வந்து, சாயந்தர ஊசிக்கு முன்னால குத்திப் பாப்பா."

"திட்டுவாங்கன்னு பயந்தா ஊசி போட்டுக்குவீங்க? சோறும் திங்காம?"

"எனக்குத் திட்டு இன்னா புதுசா? எனக்கு ஏறி இருந்தா, மாப்ள தின்னதும் வெளிய வந்துடும். அவரைத் திட்டுவா. அதான்."

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆறு மணிக்கு மனைவி வந்தாள். அதற்குள் மாமியாருக்கு நூற்று முப்பது, பேச்சும் தெளிவாக இருந்தது. நடந்ததை நானே சொன்னேன், மூன்றாவது துண்டு உட்பட. அவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். பிறகு என் விரலைப் பிடித்துக் குத்தினாள். முந்நூற்றுப் பதினெட்டு. காலையில் என்னை ஏமாற்றிய மைசூர்பாகு மெதுவாக வந்து சேர்ந்திருந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தோம். அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ செத்துப் போயிருந்தா நான் யாரைம்மா திட்டுவேன்" என்றாள். மாமியார் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "மாப்ள பயந்துட்டாரு, முதல்ல அவருக்குக் காபி போடு. சக்கரை இல்லாம" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினார். எண்ணுக்குப் பயந்து தானாக ஊசி கூட்டக் கூடாது, ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது, ஒரே இனிப்பு ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி ஏறும், நெய்யில் செய்தது நான்கு மணி நேரம் கழித்தும் ஏறும். "சாப்பிடணும்னு ஆசையா இருந்தா வீட்ல சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்றார்.

அதிலிருந்து விசேஷ நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டை இரண்டாக வெட்டி எங்கள் தட்டில் மனைவியே வைக்கிறாள். தீபாவளிக்கு வைத்தபோது, மாமியாருடைய பாதி கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார்.

"மாத்திக்கிறீங்களா மாப்ள?"

"வேணாம் அத்தை, நீங்க சாப்புடுங்க" என்றேன். அவர் மெல்ல, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டார்.