கேட்காமல் கொடுத்த காணிக்கை

யுத்த காலத்தில் திருத்தணி மிஷன் மருந்துக்கூடத்தை நடத்திவந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், அவரை நீலகிரிக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு நர்ஸ் கிடைக்கும்வரை ஆறு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அரக்கோணத்திலிருந்த எங்கள் கிறிஸ்தவ சபைப் போதகரான ஐயர் என்னைக் கேட்டார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது; நர்ஸ் படிப்பு முடித்திருந்தேன். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ரயில்வேயில் வேலை. அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஆறு மாசம்தானே, போய்ட்டு வா" என்றார் பாவா.

இரண்டு அறை, ஒரு கிணறு, உதவிக்கு ஓர் ஆயா. அவ்வளவுதான் மருந்துக்கூடம். நான் போன இரண்டாம் மாதமே ஆடிக் கிருத்திகை வந்தது. மலைக்கு வந்த ஜனங்களிடையே காலரா கண்டது. மார்பில் பூசிய சந்தனம்கூடக் காயாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வராந்தாவில் போட்டார்கள். பாய் போதாமல் கோணியை விரித்தோம். நானும் ஆயாவும் உப்புப் போட்ட வெந்நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினோம், கழுவினோம், சுண்ணாம்பு தூவினோம். மூன்றாம் நாள், யாருக்கும் சொல்லாமல் ஓடிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். வாசல்வரை போனேன். படியிலும் ஆட்கள் கிடந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. அதனால்தான் நின்றேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

நோய் அடங்கியபின் அறுப்பின் பண்டிகைக்கு அரக்கோணம் போயிருந்தேன். எங்கள் சபைக் கோயில் நிறைந்திருந்தது. பூசணிக்காய், வாழைத்தார், கோழி என்று காணிக்கைகளை முன்னால் அடுக்கியிருந்தார்கள். பிரசங்கத்தின் நடுவே ஐயர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவற்றின் பக்கத்தில் நிற்க வைத்தார். இந்த மகள் தன் வாழ்நாள் முழுவதையும் அந்த ஊருக்கு ஜீவபலியாக ஒப்புக்கொடுத்துவிட்டாள் என்றார்.

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. மறுக்க வாயெடுத்தேன். முன்வரிசையில் நைனா தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அத்தையின் கையைப் பிடித்தேன். "அத்தே, அவரு சொன்னது நெசமில்ல. நான் வந்துடுவேன்."

அத்தை என் கையை மெதுவாக விலக்கினாள். "கர்த்தருக்குன்னு குடுத்துட்ட பொண்ண நான் எப்படிம்மா கேக்கறது? எங்க வூட்டுக்குப் பாவம் வந்து சேரும்."

பாவா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அதுவரை என்னை வா, போ என்று பேசியவர், "உடம்பப் பாத்துக்கோங்க" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் புரிந்துவிட்டது. தை மாதம் அவருக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் என்னை ஐயருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து மரியாதை செய்தார்கள்.

ஆறு மாதம் போய் இரண்டு வருடமாயிற்று. வேறு நர்ஸ் வரவில்லை. நான் இருக்கும்போது எதற்கு என்று யாரும் தேடவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் என்மேல் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் மூச்சு முட்டியது. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளி வந்தார். அவர் மனைவிக்கு நான் பிரசவம் பார்த்திருந்தேன். தன் தறியில் நெய்ததென்று வெள்ளைச் சேலை ஒன்றை நீட்டினார்.

"பச்சையில இல்லீங்களா?" என்று கேட்டேன். எனக்குப் பச்சை பிடிக்கும்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு எதுக்கும்மா கலரு? நீங்க சாமி மாதிரி."

அன்று ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். 'ஆண்டவரே, என்னை உமக்குக் கொடுத்தது நானில்லை' என்று மட்டும் சொன்னேன்.

மாதத்துக்கு ஒருமுறை ஐயர் வருவார். அடுத்த முறை வந்தபோது மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி கட்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஐயர் கேட்டார்: "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லீங்களே, ஐயரே."

வயதானவர். நல்லவர்தான். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஆங். கேட்டிருக்கணும்" என்றார். ஒரு மாதம் வீட்டுக்குப் போய் இருந்து பார், திரும்புவது உன் இஷ்டம் என்று அனுப்பிவைத்தார்.

போனேன். வீட்டில் என்னை ஒரு பாத்திரம் தொடவிடவில்லை. சொந்தத் தங்கையே பெரிய விருந்தாளிக்குப்போல எனக்குத் தனியாகத் தட்டு வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். நைனா வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி, "வேலய வுட்டுட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. லீவுன்னே சொல்லு. நாலு பேர் முன்னால நான் தலை நிமிந்து நடந்துகினு இருக்கேன்" என்றார். அவர் குரல் கெஞ்சியது. அதற்குமேல் அங்கே எனக்கு இடமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

மாதம் முடிவதற்குள் ஐயரிடம் போனேன். "திருத்தணிக்கே போறேன். ஆனா வேலைக்காரியா போறேன், பலியா இல்ல. சபையில அத நீங்க சொல்லணும்" என்றேன்.

அவர் சொன்னார், பாவம். இவளிடம் கேட்காமல் அன்று பேசிவிட்டேன், என் தப்பு என்று பீடத்தருகே நின்று மறைக்காமல் சொன்னார். சபையார் உருகிப்போனார்கள். இந்தப் பெண்ணுக்கு எத்தனை தாழ்மை, புகழ்ச்சிகூட வேண்டாமென்கிறாளே என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் என் காலைத் தொட வந்தார்கள்.

மறுநாள் காலை ரயிலில் திருத்தணிக்குத் திரும்பினேன். ஆயா கதவைத் திறந்துவைத்திருந்தாள். பள்ளிப்பட்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்த ஒரு கர்ப்பிணி, வலி பொறுக்காமல் தெலுங்கில் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.